மகனுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரைக் கண்காணிக்கலாமா?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதம். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்குச் சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை. இரவு 9 மணிக்கு முன் வீடு திரும்ப முடிவதில்லை. மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகளுக்கு 9. மாமியாரும் உடன் இருக்கிறார். 2020-இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் மகன் படுக்கும் அறையில் இருக்கிறது. பாட்டிக்கும் அதே அறைதான். மூன்று வாரங்களுக்கு முன் மின்கட்டணம் கட்ட உட்கார்ந்தபோது பிரவுசர் ஹிஸ்டரி கண்ணில் பட்டிருக்கிறது. இரவு 11 மணிக்கு மேல் மகன் ஆபாசத் தளங்களுக்குப் போயிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் கணவர் இரண்டு அறை விட்டு, நெட் கேபிளைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். பள்ளி புராஜெக்ட் வந்ததும் நான்காம் நாளே கேபிளும் வெளியே வந்துவிட்டது. இப்போது கணவரின் சித்தப்பா மகன், ஐடியில் இருப்பவர், ஒரு மென்பொருளைச் சொல்லியிருக்கிறார். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது பதிவு செய்யும்; சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துக் கணவரின் மெயிலுக்கு அனுப்பும்; பையனுக்குத் தெரியவே தெரியாது. போடும்போது மட்டும் ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை போடுவதாக ஏற்பாடு.

"போடலாமா? இல்லை, எல்லாக் கெட்ட தளங்களையும் ஒரேயடியாக அடைத்துவிடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? என் பையன் கெட்டுப்போய்விட்டானா? போலீஸ் கேஸ் ஏதும் ஆகுமா? எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. நெட் பேங்கிங்கே அவன் சொல்லிக்கொடுத்ததுதான்" என்கிறார். நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: "அந்தத் தளங்களுக்கு முன்னால் உடம்பைப் பற்றி ஏதோ சந்தேகம் தேடியிருக்கிறான், அதை விடுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

அதை விட எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பக்கத்தில் முக்கியமாகப் பட்டதே அந்த ஒரு வரிதான்.

13 வயதுப் பையன். குரல் உடைகிறது, உடம்பில் என்னென்னவோ நடக்கிறது, தூக்கத்திலும் நடக்கிறது. இது எல்லோருக்கும் வருவதா, தனக்கு மட்டும் ஏதோ நோயா என்று பயம். யாரைக் கேட்பான்? அப்பா வரும்போது அவன் சாப்பிட்டு முடித்திருப்பான். உங்களிடம் கேட்கக் கூச்சம். பக்கத்துக் கட்டிலில் பாட்டி. பள்ளியில் அந்தப் பாடத்தை டீச்சர் வேகமாகத் தாண்டிப் போயிருப்பார். எனவே பாட்டி தூங்கியதும் கூகுளைக் கேட்டிருக்கிறான். அங்கிருந்து அந்தத் தளங்கள் இரண்டு கிளிக் தூரம். என்னிடம் வரும் பையன்களில் பலர் இப்படிக் கேள்வியோடு போய்க் காட்சியில் சிக்கியவர்கள்தான். அங்கேயும் மாட்டாமல் திரும்பினால், "இளைஞர்களே, பயம் வேண்டாம்" என்று பயமுறுத்தியே பணம் பிடுங்கும் போலி வைத்தியர்களின் வீடியோவில் போய் விழுவார்கள். நம் அண்ணன்மாரை அந்தக் காலத்தில் லாட்ஜில் ரூம் போட்டு ஏமாற்றிய கூட்டம்தான். இன்று கேமரா வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை. அதற்காக அலட்சியமாக விடச் சொல்லவும் இல்லை. அந்தத் தளங்கள் பெண்ணைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் தப்பான பாடம் நடத்துகின்றன. 13 வயதுக்கு அது நடிப்பு என்று தெரியாது. தூக்கம் கெட்டு, படிப்பில் மனம் நிற்காமல், விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கிறான் என்றாலோ, முகம் தெரியாத யாரோடாவது சாட் செய்கிறான் என்றாலோ, அப்போது நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். முதலில் போனில் பேச நினைத்தால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்

நிறுத்துங்கள். தயங்காமல் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினீர்கள்? அதே கம்ப்யூட்டராக இருந்து, அந்த மென்பொருளும் அதில் இருந்திருந்தால், நீங்கள் அழித்து எழுதிய வரிகள் உட்பட எல்லாம் உங்கள் கணவரின் மெயிலுக்குப் போயிருக்கும். பையனை மட்டும் பார்க்க அதற்குத் தெரியாது. உங்கள் வங்கிப் பாஸ்வேர்ட், மாமியாரின் பென்ஷன் கணக்கு, மகள் தோழிக்கு எழுதுவது, எல்லாம் எழுத்து எழுத்தாக எங்கோ சேரும். கணவரின் மெயிலுக்கு வருவதற்கு முன் யாருடைய சர்வர் வழியாகப் போகிறது என்பதை மென்பொருளைச் சொன்ன அந்தத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் உள்ளே வருவேன் என்று ஒரு மென்பொருள் சொன்னால், வாட்ச்மேனை அனுப்பிவிட்டுத்தான் ஹவுசிங் சொசைட்டிக்குள் வருவேன் என்று ஒருவர் சொல்வதற்குச் சமம்.

இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரை வீட்டில் சரியாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்த பிறகு உங்களிடம் சண்டை போட மாட்டான், அதுதான் மோசம். பேசாமல் வேறு கருவிக்குப் போய்விடுவான். நாளை யாராவது ஒருவன் இவனுடைய போட்டோவை வைத்து மிரட்டினால், ஓடி வந்து சொல்ல வேண்டிய இடம் நீங்கள். அந்தக் கதவை நீங்களே சாத்திவிடாதீர்கள்.

பெற்றோருக்கு இதற்கு உரிமை இல்லையா என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை நிறுவனங்களுக்குத்தான் தடை செய்கிறது. வீட்டுக்குள் தாய் தகப்பன் போடும் கட்டுப்பாட்டில் அது தலையிடவில்லை. உரிமை உங்களுக்கு இருக்கிறது. தடுப்பதும் உங்கள் உரிமை, நேரம் குறிப்பதும் உங்கள் உரிமை. நான் சொல்வதெல்லாம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான். எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது, யார் என்ன பார்க்க முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எல்லாவற்றையும் அடைக்கும் மென்பொருள்

கிடையாது. அரசாங்கத்தாலேயே முடியவில்லை. 2018-இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 827 ஆபாசத் தளங்களை முடக்கும்படி நெட் நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. பெரிய தளம் ஒன்று பெயரின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. தளங்களைத் தடுக்கும் வடிகட்டி (ஃபில்டர்) என்பது ஒரு பட்டியல். பட்டியலில் ஏறாத புதுத் தளம் வந்துகொண்டே இருக்கும்.

அதே வடிகட்டி, தடுக்கக் கூடாததையும் தடுக்கும். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்று ஓர் ஊர். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருப்பதால், 1996-இல் ஏஓஎல் என்ற நெட் நிறுவனத்தின் சொல் வடிகட்டி அந்த ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. வடிகட்டிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் எல்லாவற்றையும் ஆகக் கடுமையாக வைத்தால் மார்பகப் புற்றுநோய், மாதவிடாய், பருவ வயது பற்றிய நல்ல பக்கங்களும் சேர்ந்தே மறைந்துபோகலாம். உங்கள் மகன் முதலில் தேடிய கேள்விக்கான ஒழுங்கான பதிலும் அதில் அடக்கம். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்க் கெட்ட வார்த்தையோ பல நேரம் தப்பித்து உள்ளே வந்துவிடும்.

இருந்தாலும் வடிகட்டி வேண்டும். தற்செயலாகக் கண்ணில் படுவதையும், சும்மா ஒரு கிளிக் என்று கை போவதையும் அது பெருமளவு நிறுத்தும். உங்கள் 9 வயது மகளுக்கு இது இன்னும் முக்கியம்; கடிதத்தில் வயதைத் தவிர அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

இந்த வேலையை உங்கள் கணவரும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து செய்யட்டும். பூட்டைத் திறக்கத் தெரிந்தவனை வைத்தே பூட்டுப் போடுவதா என்று தோன்றும். அவன் பார்க்காமல் போட்டாலும் அவன் பார்க்கத்தான் போகிறான்.

முதலில் அட்மின், அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர், யார் என்று பாருங்கள். நெட் பேங்கிங் சொல்லிக்கொடுத்தவன் என்றால், விண்டோஸை அமைத்தவனும் அவனாகத்தான் இருக்கும். எனவே கம்ப்யூட்டருக்கு அட்மின் அவன். அது இருக்கும்வரை நீங்கள் எதைப் போட்டாலும் அவன் எடுத்துவிடலாம். உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ புது அட்மின் கணக்கு ஒன்றைத் திறந்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அவன் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். கணக்கையே அழித்துவிடாதீர்கள், புராஜெக்ட் எல்லாம் அதில் இருக்கும். மகளுக்குத் தனிக் கணக்கு. வங்கி வேலைக்கு உங்களுக்கும் தனிக் கணக்கு.

அடுத்தது மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி. விண்டோஸோடு இலவசமாக வருவது. பிள்ளைகளுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு திறந்து, பிறந்த தேதியை உண்மையாகக் கொடுத்து, உங்கள் குடும்பக் குழுவில் சேர்க்க வேண்டும். ஆபாசத் தளங்களையும் தேடல்களையும் தடுக்கலாம். இத்தனை மணிக்கு மேல் கணக்கு திறக்காது என்று வைக்கலாம். வாரம் ஒருமுறை அறிக்கை உங்கள் மெயிலுக்கு வரும். வடிகட்டல் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில்தான் நடக்கும். எனவே அதைப் போட்டதும் குரோம் போன்ற மற்ற பிரவுசர்கள் தடுக்கப்படும். வீட்டில் புகார் வரும், அசையாதீர்கள். மகளுக்கு "அனுமதித்த தளங்கள் மட்டும்" என்ற முறை போதும்: பள்ளித் தளம், ஒன்றிரண்டு விளையாட்டு. மகனுக்கு அது சரிப்படாது; பொது வடிகட்டி மட்டும் வையுங்கள். தடுக்கப்பட்ட தளத்தைத் திறக்கச் சொல்லி அவன் அதிலேயே கோரிக்கை அனுப்பலாம். அன்றைக்கே பார்த்துப் பதில் சொல்லுங்கள். மூன்று நாள் காக்க வைத்தால் நான்காம் நாள் குறுக்கு வழி கற்றுக்கொண்டிருப்பான்.

மூன்றாவதாக, ரவுட்டர்: வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டி. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் தொலைபேசி டைரக்டரி மாதிரி ஒரு சேவை இருக்கிறது, டிஎன்எஸ் என்பார்கள். ஆபாசத் தளங்களின் முகவரியைச் சொல்ல மறுக்கும் டைரக்டரிகளும் உண்டு, இலவசமாகவே. கிளவுட்ஃப்ளேரின் குடும்பச் சேவைக்கு 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்கள். ஓப்பன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. இரண்டில் ஒன்றை ரவுட்டரில் போட்டால், வீட்டு வைஃபையில் இருக்கும் டிவி, டேப், மொபைல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும். ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் 192.168.1.1 போல ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும்; உள்ளே போனதும் முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டிக்கர் அவனுக்கும் தெரியும்தானே. ஐபிவி6 (புது வகை எண் முகவரி) என்ற பகுதி இருந்தால் அதிலும் அந்தச் சேவைக்குரிய எண்களைப் போட வேண்டும், இல்லையென்றால் பின்வாசல் திறந்தே கிடக்கும். சில நெட் நிறுவனங்கள் தரும் ரவுட்டரில் இதை மாற்ற விட மாட்டார்கள். அப்போது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கிலேயே போடலாம். அட்மின் அல்லாதவர் அதை மாற்ற முடியாது. பிரவுசருக்குள் "செக்யூர் டிஎன்எஸ்" என்று ஓர் அமைப்பு இருக்கும். அதில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் சொல்வதை அது கேட்காது. அதையும் பார்த்து அணைத்துவிடுங்கள்.

யூடியூப் விஷயம் வேறு. டிஎன்எஸ்ஸுக்கு யூடியூப் முழுவதும் ஒரே தளம்; உள்ளே எந்த வீடியோ என்று அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடைப் போடுங்கள், கமெண்ட்டுகளும் மறையும். கூகுளில் ஆபாசத் தேடல் முடிவுகளை மறைக்கும் சேஃப்சர்ச்.

"இன்காக்னிட்டோவில் போனால் என்ன செய்வது" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலர் அதை மாயக் கம்பளி என்று நினைக்கிறார்கள். பார்த்த தளங்களின் பட்டியலை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளாது, அவ்வளவே. டிஎன்எஸ் வடிகட்டி அதிலும் தடுக்கும். உண்மையான ஓட்டைகள் விபிஎன் (வேறு சர்வர் வழியாகச் சுற்றிப் போய் வடிகட்டியைத் தாண்டுவது), மொபைல் ஹாட்ஸ்பாட் (போன் டேட்டாவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது). உங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: மாமியாரின் போன். சீரியலும் உபன்யாசமும் பார்ப்பதற்காகத் தினசரி டேட்டா உள்ள ஸ்மார்ட்போன், பூட்டு கிடையாது, இரவில் அதே அறையில் தலையணைக்குப் பக்கத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயிரம் வடிகட்டி போட்டாலும் அது ஒன்று போதும். போனுக்குப் பூட்டுப் போடுங்கள். இரவில் எல்லாருடைய போனும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜ் ஏறட்டும்.

கம்ப்யூட்டரும் ஹாலுக்கு வரட்டும். மும்பை ஃப்ளாட்டில் இடம் எங்கே என்பீர்கள். மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஷூ ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு அங்கே மேசை போட்டது. திரை நடமாட்டம் உள்ள பக்கம் திரும்பியிருந்தால் போதும். எல்லாச் செட்டிங்குகளையும்விட இது அதிகம் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் பயம்

பெரியவர்கள் நடித்த ஆபாசக் காட்சியை வீட்டில் தனியாகப் பார்த்ததற்காக வழக்கு வரும் என்று பயப்படாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் அப்படிப்பட்டதை வெளியிடுவதையும் அனுப்புவதையும் பற்றியவை. எனவே நண்பர்கள் குரூப்பில் ஃபார்வர்ட் செய்வது வேறு விஷயம், அதை அவனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளைக் காட்டும் காட்சிகள் முற்றிலும் வேறு: 67பி பிரிவில் தேடுவது, பார்ப்பது, டவுன்லோட் செய்வது எல்லாமே குற்றம். கூடப் படிக்கும் பிள்ளையின் அப்படிப்பட்ட படமானாலும் அதில்தான் வரும். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில், இதைக் கண்டிப்பாகவே சொன்னது. யாராவது அவனிடம் படம் கேட்டாலோ மிரட்டினாலோ, பணம் கொடுக்காமல், எதையும் அழிக்காமல், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, 24 மணி நேரமும்.

பேச்சை யார் தொடங்குவது

அப்பாதான். நீங்கள் அல்ல. இரண்டு அறை விட்டவர் பேசினால்தான் அந்தக் கட்டு அவிழும். எதிரே உட்கார வைத்து விசாரணை போல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வாங்கவோ, சேடா நகர் முருகன் கோயிலுக்கோ இருவரும் நடந்து போகட்டும். முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பையன்களுக்கு வாய் திறக்கும். "அன்னிக்கு அடிச்சது தப்புடா. எனக்குக் கோவத்தை விடப் பயம்தான் அதிகம். அந்த வயசுல எனக்கும் ஆயிரம் சந்தேகம் இருந்துது, கேக்க ஆளில்ல. நீ என்கிட்ட கேளு. எனக்குத் தெரியலன்னா டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போவோம்." இவ்வளவு போதும். அதன் பிறகு கட்டுப்பாட்டைச் சொல்லட்டும்: "கம்ப்யூட்டர்ல பூட்டுப் போடப்போறோம், பாப்பாவுக்கும் சேர்த்துதான். என்ன போடுறோம்னு நீயே பாரு." உங்கள் கணவர் இதற்குச் சம்மதிப்பாரா என்று சந்தேகமாக இருந்தால், இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். அந்தத் தம்பியிடமும் காட்டுங்கள். ஐடியில் இருப்பவர்தானே, ரவுட்டர் வேலைக்கு அவர் உதவலாம்.

அவன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது இதையெல்லாம் மறுபடி பேசிக் கொஞ்சம் தளர்த்துவதாக இப்போதே சொல்லிவிடுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. புது அட்மின் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி அரிசி டப்பாவிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். என் வீட்டில் என் பெண் முதலில் தேடிய இரண்டு இடங்கள் அவைதான்.